சேந்தன் அமுதனின் பிறப்பும் 'பொன்னியின் செல்வன்' வாசகர்களும்

கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் நாலு பேர் கூடுகிற இடத்தில் 'பொன்னியின் செல்வன்' பேச்சை எடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிஷத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும்: "அது கெடக்கட்டும், ஆதித்த கரிகாலனைக் கொன்னது யாரு?" கேட்பவர் நாவலில் கேட்கிறாரா, வரலாற்றில் கேட்கிறாரா என்பது அவருக்கே தெளிவாக இருக்காது. வெகுஜன எழுத்து, பழம்பெருமை என்று இரண்டு சொல்லில் இதை ஒதுக்கிவிட்டுப் போவது சிறுபத்திரிகைக்காரர்களாகிய நமக்குச் சுலபம். ஆனால் எழுபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பிரதியைத் தங்கள் ஊரின் வரைபடமாகவே வாசித்து வருகிறவர்கள் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். அவர்கள் எதைத் துருவுகிறார்கள், எதைத் துருவாமல் விடுகிறார்கள் என்று பார்த்தாக வேண்டும்.

1950 அக்டோபரில் 'கல்கி' இதழில் தொடங்கி 1954இல் முடிந்த தொடர்கதை இது. எழுதியவர் மாயவரம் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர். நீலகண்ட சாஸ்திரியின் சோழர் வரலாறு 1935இலும் சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரம் முதல் பகுதி 1949இலும் வந்துவிட்டன. கல்வெட்டுச் செய்திகள் கதைக்காரனுக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்திருந்த நேரம். அன்பில் செப்பேட்டிலிருந்து அநிருத்தப் பிரமராயர், பழுவூர்க் கோயில்களிலிருந்து பழுவேட்டரையர்கள், பெரிய கோயில் கல்வெட்டில் குந்தவையின் கணவர் என்ற அளவில் பெயர் வருகிற வல்லவரையர் வந்தியதேவர். இவர்களோடு எந்தக் கல்லிலும் இல்லாத நந்தினி, ஆழ்வார்க்கடியான், பூங்குழலி, சேந்தன் அமுதன். இரண்டு வகையும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன, தையல் தெரியாமல்.

அதே 1954இல்தான் இங்கிலாந்தில் டோல்கியனின் 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முதல் பாகம் வெளிவந்தது. மொழி, வம்சாவளி, வரைபடம் எல்லாவற்றையும் அவர் தானே செய்துகொள்ள வேண்டியிருந்தது. கல்கிக்குக் காவிரி இருந்தது. வந்தியதேவன் குதிரை போகிற வழியில் வீராணத்து ஏரி இன்றும் கிடக்கிறது, கோடிக்கரையில் கடல் இருக்கிறது. பழையாறையில் அரண்மனை இல்லை. ஆனால் சோழன்மாளிகை என்று ஓர் ஊரும், ஆரியப்படைவீடு, பம்பைப்படையூர், மணப்படையூர் என்று சுற்றிலும் ஊர்களும் இருக்கின்றன. கதையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கால் மண்ணில் படுகிறது. வாசகன் புனைவுக்குள் போகிறோம் என்றே நினைப்பதில்லை, தன் ஊருக்குத் திரும்புவதாக நினைக்கிறான்.

இந்த உலகத்தைக் காவல் காக்கிற வேலையும் தொடர் முடிந்தபோதே தொடங்கிவிட்டது. முடிவு திருப்தியில்லை, இன்னார் என்ன ஆனார், அன்னார் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்டதால் கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டிவந்தது. அவர் 1954 டிசம்பரில் இறந்த பிறகு விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' என்று தொடர்ச்சியே எழுதினார். இன்றும் சண்டை ஓயவில்லை. அருள்மொழியா, அருண்மொழியா? நந்தினியின் தகப்பன் யார்? இந்த ஆர்வத்தில் பெரும்பகுதி கடுமையான உழைப்பு. பல்கலைக்கழக ஆய்வு மாணவன் தொடாத கல்வெட்டுத் தொகுதியை ஒரு வங்கி ஊழியர் எழுத்தெழுத்தாகப் படிக்கிறார் என்றால் அதை மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் எப்படிப் படிக்கிறார்? உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில் இருப்பது, முதலாம் ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று பெரும்பாலோர் கொள்வது. கரிகாலனைக் கொன்ற துரோகிகளாக சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் இதில் வருகின்றன. சாஸ்திரி இதை வைத்து உத்தம சோழன் மேல் சந்தேகப்பட்டார், பண்டாரத்தார் மறுத்தார். வாசகர் உலகத்தில் இது கொலை வழக்கின் சாட்சிப் பத்திரம், அவ்வளவுதான். கல்வெட்டோ அடிப்படையில் ஒரு நில ஆவணம். துரோகிகளின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்து விற்கும்படி வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபைக்கு ஆணை போகிறது, ஒருவர் வாங்குகிறார், அது தர்மத்துக்குப் போகிறது. நிலம் எப்படிக் கை மாறியது, யார் விற்றார், யார் வாங்கினார் என்ற கேள்விகளுக்கு இந்தக் கல் நேராகப் பதில் சொல்கிறது. யாரும் கேட்பதில்லை. கொலையாளி யார் என்ற கேள்விக்குத்தான் அது மழுப்புகிறது, அதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள்.

இனி சேந்தன் அமுதன். என் பார்வையில் இந்த உலகத்தின் அச்சாணி அவன்தான். கல்கிக்கு இருந்த சிக்கல் இது: ராஜராஜன் 985இல்தான் பட்டத்துக்கு வருகிறான், அதற்கு முன் பதினைந்து ஆண்டு ஆண்டவன் உத்தம சோழன். கதாநாயகன் சிம்மாசனத்தைத் தியாகம் செய்தாக வேண்டும். ஆனால் மதுராந்தகனைக் கோழையாகவும் பேராசைக்காரனாகவும் ஏற்கெனவே வளர்த்தாகிவிட்டது. அப்பேர்ப்பட்டவனுக்காகத் தியாகம் செய்தால் தியாகம் அசட்டுத்தனம் ஆகிவிடும். அதனால் ஒரு குழந்தை மாற்றம். அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் ஊமைப்பெண் மந்தாகினியின் பிள்ளை. தஞ்சையில் பூக்கட்டிக்கொண்டிருந்த சேந்தன் அமுதன்தான் செம்பியன் மாதேவி வயிற்றில் பிறந்த உண்மையான இளவரசன். ஓடக்காரி பூங்குழலி கடைசியில் பட்டத்து ராணி.

கதையாகப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமான முடிச்சு. கருத்தியலாகப் பார்த்தால்? நாவலில் எளிய மனிதன் ஒருவனுக்குக் கிரீடம் கிடைக்கிறது, அவன் எளியவனே அல்ல என்று தெரிந்த பிறகு. அரண்மனைச் சோறு தின்று வளர்ந்தும் ஒருவன் அற்பனாகவே இருக்கிறான், ஏனென்றால் அவன் சோழ ரத்தம் இல்லை. குடிசையில் வளர்ந்தவன் சாதுவாக, பக்தனாக இருக்கிறான், ஏனென்றால் அவன் கண்டராதித்தர் மகன். வளர்ப்பு தோற்கிறது, பிறப்பு ஜெயிக்கிறது. வர்ணத்துக்கு இதைவிட இனிமையான நிரூபணம் தமிழ்ப் புனைவில் எனக்குத் தென்படவில்லை. கல்கி இதைத் திட்டமிட்டுச் செய்தார் என்று சொல்லவரவில்லை. கதையின் கணக்கு அப்படிக் கேட்டது, கையில் இருந்த விடையை அவர் போட்டார். அந்த விடை அத்தனை சுலபமாகக் கையில் இருந்ததுதான் விஷயம்.

2022, 2023இல் மணிரத்னத்தின் இரண்டு படங்கள் வந்தபோது இந்தக் குழந்தை மாற்றத்தைத் தூக்கிவிட்டு மதுராந்தகனுக்கே முடி சூட்டினார்கள். "அதெப்படிங்க மாத்தலாம்? அமுதன் இல்லாம தியாகச் சிகரம் ஏது?" என்று கொதித்தவர்களை நான் அறிவேன். அவர்களுக்கு வலித்தது உலகத்தின் விதி மீறப்பட்டது. அந்த விதி என்ன என்று ஒருவரும் பேசவில்லை. வரலாற்றுப்படி பார்த்தால் படம்தான் சரி. உத்தம சோழன் செம்பியன் மாதேவியின் மகன்தான். ஆக, கல்வெட்டைக் காட்டி நாவலைக் காக்கிற அதே வாசகர் இங்கே நாவலைக் காட்டிக் கல்வெட்டைத் தள்ளுகிறார்.

நாவலோடு நின்றால் இது ருசி பற்றிய தகராறுதான். நிற்பதில்லையே. 2019 ஜூனில் திருப்பனந்தாள் கூட்டத்தில் பா. ரஞ்சித், ராஜராஜன் காலத்தில் தலித் மக்களின் நிலம் பறிபோனது, அது அவர்களுக்கு இருண்ட காலம் என்று பேசினார். வழக்குப் பதிவானது. ஒன்றுக்கு மேற்பட்ட சாதியினர் மன்னன் தங்கள் பாட்டன் என்று கிளம்பினார்கள். அவர் பேச்சை மறுக்க இடமிருக்கிறது. ஒரு மன்னன் தலையில் எல்லாவற்றையும் போடுவது சரியான வரலாறு ஆகாது. நொபொரு கராஷிமா அல்லூரையும் ஈசானமங்கலத்தையும் ஒப்பிட்டுக் காட்டியதைப் பார்த்தால் நில உறவுகள் நீண்ட காலத்தில், ஊருக்கு ஊர் வேறுவேறாக மாறியிருக்கின்றன. ஆனால் வந்த எதிர்ப்பு அந்த மாதிரி மறுப்பாகவா வந்தது? புண்பட்ட ரசிகனின் குரலாக வந்தது. பிடித்த பாத்திரத்தைத் தொட்டுவிட்டாய் என்ற குரல்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். தொடர் வந்துகொண்டிருந்த 1952இல்தான், கல்கியின் நெருங்கிய நண்பரான ராஜாஜியின் ஆட்சி தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் எதிர்த்து சீனிவாச ராவ் போன்றவர்கள் நடத்திய கிளர்ச்சியின் அழுத்தம் அதன் பின்னால் இருந்தது. ஒரே டெல்டா, ஒரே வருஷம். வாரா வாரம் குந்தவைக்காகக் காத்திருந்த வீடுகளில் பல, இந்தச் சட்டத்துக்குப் பயந்த வீடுகளாகவும் இருந்திருக்கும். பதினாறு வருஷம் கழித்து, 1968 டிசம்பர் 25இல், கீழவெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள்.

பெரிய கோயிலுக்கு வருகிற வாசகர்கள் சுவரில் வந்தியதேவர் பெயரைத் தேடுகிறார்கள். கண்டுபிடித்ததும் முகத்தில் வருகிற மலர்ச்சி நிஜமானது. தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேரின் பட்டியலையும் காட்டுகிறார்கள். பங்கு ஒன்றுக்கு ஒரு வேலி நிலத்திலிருந்து ஆண்டுக்கு 100 கலம் நெல், எவ்வளவு கௌரவமாக வைத்திருந்தான் பாருங்கள் என்கிறார்கள். அந்த நெல்லை அறுத்தவர்கள் பட்டியலில் இல்லை. ஆனால் சுவரில் வேறோர் இடத்தில் அவர்கள் குடியிருப்பு வருகிறது. கோயிலுக்கு விட்ட ஊர்களின் அளவைச் சொல்லும்போது ஊர்நத்தம், குளம், ஊடறுத்துப் போகிற வாய்க்கால், பறைச்சேரி, கம்மாணச்சேரி, சுடுகாடு என்று வரிசையாகச் சொல்லி, இவை வரி இறாத நிலம் என்று மொத்தப் பரப்பிலிருந்து கழிக்கிறார்கள். சேரி கல்லில் ஏறியது அந்தக் கழித்தல் கணக்குக்காக.