கவிஞரும் சஞ்சிகையாசிரியரும்: ‘எல் கோர்னோ எம்ப்ளுமாடோ’வின் கடிதப் பக்கங்கள்

கவிஞர்கள் சஞ்சிகையாசிரியர்களுக்கு எழுதிய கடிதங்களை ஆய்வாளர் பெரும்பாலும் வாழ்க்கை வரலாற்றுச் சான்றுகளாகவே கொள்வர். ஆயின், பெரும் பதிப்பகங்களுக்கும் அரசியல் அதிகாரத்துக்கும் புறம்பாக இயங்கிய கவிஞர்களைப் பொறுத்தவரை கடிதம் இலக்கிய உற்பத்தியின் கருவிகளுள் ஒன்றாகவே அமைந்தது. மெக்சிக்கோ நகரில் 1962 முதல் 1969 வரை வெளிவந்த ‘எல் கோர்னோ எம்ப்ளுமாடோ’ என்னும் இருமொழிச் சஞ்சிகையை ஆதாரமாகக் கொண்டு இதனை விளக்க முற்படுகின்றோம்.

1961இல் நியூயோர்க்கிலிருந்து மெக்சிக்கோ நகருக்கு வந்த கவிஞர் மார்கிரட் ரண்டால், மெக்சிக்கோக் கவிஞர் சேர்ஜியோ மொண்ட்ராகொன் முதலியோருடன் இணைந்து இதனைத் தொடங்கினார். பிலிப் லமாந்தியாவின் இல்லத்தில் கூடிய ஆங்கில, ஸ்பானிய மொழிக் கவிஞர்கள் ஒருவர் கவிதையை மற்றவர் படித்தறிய வழியின்றியிருந்தனர். இத்தேவையே சஞ்சிகைக்கு வித்தாயிற்று. வடக்கின் ஜாஸ் இசைக் கொம்பையும் மெக்சிக்கோவின் தொல்தெய்வமாகிய கெட்சால்கோவாட்லின் இறகையும் இணைத்து ‘இறகணிந்த கொம்பு’ எனப் பெயரிட்டனர். மொத்தம் 31 இதழ்கள் வெளிவந்தன.

இதழின் இறுதிப் பகுதியில் ஆசிரியர்களுக்கு வந்த கடிதங்கள் அச்சிடப்பட்டமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. நிக்கராகுவாவின் எர்னெஸ்தோ கார்தெனால் போன்றோரின் கடிதங்கள் அங்கு இடம்பெற்றன. ஆசிரியரின் மேசை அறையில் அடங்கிவிட வேண்டிய கடிதம் இவ்வாறு பொது உரையாடலாக மாறியது. தத்தம் நாட்டில் தனித்திருந்த கவிஞர்கள் தம்மையொத்தோர் பிற நாடுகளிலும் இருப்பதை அறிந்தனர். புவனஸ் அயர்சில் ‘எக்கோ கொண்டெம்பொரானியோ’ சஞ்சிகையை நடத்திய மிகேல் கிறீன்பேர்க் போன்றோருடன் ஏற்பட்ட இத்தகைய தொடர்புகளின் பயனாக, 1964 பெப்ரவரியில் மெக்சிக்கோ நகரிலேயே அமெரிக்கக் கண்டத்துக் கவிஞர்களின் சந்திப்பொன்று நடைபெற்றது. கடிதம் கூட்டுச் செயலாக வளர்ந்தமைக்கு இது சான்றாகும்.

இவ்வுறவு ஆசிரியர்களின் ஆர்வத்தால் மட்டும் விளைந்ததன்று. 1961 ஜனவரியில் ஐக்கிய அமெரிக்கா கியூபாவுடனான இராசதந்திர உறவைத் துண்டித்தது. 1964 யூலையில் அமெரிக்க நாடுகளின் அமைப்பு தன் உறுப்பு நாடுகளும் அவ்வாறே செய்யவேண்டுமெனத் தீர்மானித்தது. இலத்தீன் அமெரிக்காவில் மெக்சிக்கோ மட்டுமே இறுதிவரை அதற்கு இணங்கவில்லை. எனவே வடக்கின் கவிஞரும் கியூபக் கவிஞரும் ஒரே ஏட்டில் சந்திப்பதற்கு வாய்ப்பான இடமாக மெக்சிக்கோ நகரம் விளங்கியது.

ஆயின் கியூபாவுக்குக் கதவு திறந்து வைத்த அதே அரசு, தன் நாட்டு மாணவருக்கு அதனை மூடியது. 1968 ஒக்டோபர் 2ஆம் திகதி, ஒலிம்பிக் போட்டிகள் தொடங்குவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னர், த்லத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். சஞ்சிகை மாணவர் இயக்கத்தின் பக்கம் நின்றது. அதுவரை கிடைத்துவந்த நிறுவன ஆதரவு அற்றுப்போயிற்று. 1969இல் அடக்குமுறைக்கு இலக்கான ரண்டால் தலைமறைவாக வாழ்ந்து, பின்னர் கியூபாவைச் சென்றடைந்தார். அவ்வாண்டு யூலை இதழே இறுதி இதழாயிற்று. தொடக்கத்தில் வணிகப் பதிப்புலகுக்குப் புறம்பாக நிற்றலையே குறித்த ‘தலைமறைவு’ என்னும் சொல், ஈற்றில் ஓர் ஆசிரியரின் அன்றாட வாழ்நிலையாகவே ஆகிவிட்டது.

இதிலிருந்து நாம் பெறத்தக்க முடிபு யாது? கடிதங்கள் ஒரு கண்டத்துக் கவிஞரை ஒன்றுசேர்க்க வல்லவையாயிருந்தன. எனினும் அச்சுச் செலவுக்கும் தபாற் செலவுக்கும் பிறரைச் சார்ந்திருந்த ஏட்டினை அவற்றால் காப்பாற்ற இயலவில்லை. இவ்விரண்டில் எதனையும் மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஆகவே கடிதக் கட்டுகளை அணுகும் ஆய்வாளர், யார் யாருக்கு என்ன எழுதினார் என்பதோடு நின்றுவிடலாகாது. அக்கடிதம் எவ்வழியாக வந்து சேர்ந்தது, அதற்கான செலவை யார் ஏற்றனர், அவ்வழி எப்போது, எவரால் அடைக்கப்பட்டது என்பனவற்றையும் வினவுதல் வேண்டும்.