பனிமலை ஓணான்

ஓணானைக் கண்டதும் நம் சமவெளிச் சிறுவர்களின் கை கல்லைத் தேடும். வேலியில் தலையாட்டும் அப்பிராணி செய்த குற்றம் யாதென்று வகுப்பில் பலமுறை வினவியிருக்கிறேன், விடை வந்ததில்லை. அதன் உறவினன் ஒன்று மஞ்சூரைச் சூழ்ந்த குந்தா மலைகளில் வாழ்கிறது.

1845ஆம் ஆண்டில் ஜான் எட்வர்ட் கிரே என்னும் ஆங்கிலேய அறிஞர் அதனை விவரித்து, தாமஸ் ஹார்ஸ்ஃபீல்டு என்ற இயற்கை நூலாரின் நினைவாக ‘சாலியா ஹார்ஸ்ஃபீல்டி’ எனப் பெயரிட்டார். நமக்கு நீலகிரி ஓணான் என்பதே போதும். நீலகிரியிலும் பழனி மலையிலும் உயர்ந்த பகுதிகளில் மட்டுமே அது உண்டு. இக்குலத்தில் மற்றொன்று ஆனைமலை ஓணான். இரண்டும் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி உலகில் வேறெங்கும் இல்லை.

உடல் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர். வாலோ அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். பல்லியின் வாலைப்போல் இது அறுந்து முளைப்பதன்று. ஆணின் பிடரியிலும் முதுகிலும் கூரிய செதில்கள் நிமிர்ந்து நிற்கும். ஓணானை ‘ஓதி’ என்றழைத்த சங்கப் புலவர் அதன் முதுகைக் கருக்கரிவாளுக்கு ஒப்பிட்டார். ஆனால் அவர் கண்டது பாலை நிலத்து ஓணான்; வெயிலில் வாடியது. நம்முடையதோ வெயிலுக்கு ஏங்குவது!

ஏன் ஏங்குகிறது? ஊர்வன தம் உடலுக்கு வேண்டிய வெப்பத்தைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பெறுகின்றன. மார்கழி, தை மாதங்களில் உறைபனி படியும் மலையில் இது எளிதன்று. மூடுபனி விலகிக் கதிர் பட்ட பிறகே நீலகிரி ஓணான் புதரின் மேற்கிளைக்கு வரும். உடல் சூடேறிய பின்னரே பூச்சி பிடிக்கும். குளிர்ந்திருக்கையில் அதனால் விரைந்தோட இயலாது. அவ்வேளையில் எறியப்படும் கல்லுக்குத் தப்புவது எங்ஙனம்?

சோலைக்காட்டின் ஓரமே இதன் பழைய மனை. சோலை சுருங்கியபோது, ஐரோப்பியர் கொணர்ந்த கார்ஸ் என்னும் மஞ்சட்பூ முட்புதரிலும் இது குடியேறிற்று. புல்வெளியை விழுங்கும் அப்புதரை அகற்றத்தான் வேண்டும். எனினும் சோலைமரங்களை மீண்டும் வளர்க்காமல் புதரை மட்டும் வெட்டுவது வீட்டைப் பிடுங்குவதாகும் என்பது என் கருத்து.

உலகம் வெப்பமடைந்துவரும் இக்காலத்தில் வேறொரு தொல்லையும் உண்டு. குளிரை நாடும் உயிர்கள் மேலும் மேலும் உயரத்துக்கு ஏறலாம். இந்த ஓணானோ ஏற்கெனவே மலையின் உச்சிப் பகுதியில் இருக்கிறது.