உயிரணுவுக்கு வரும் கட்டளை

பெங்களூரில் முன்னாளில் பிளாக்பள்ளி என வழங்கிய சிவாஜிநகரில் தமிழ் மக்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றனர். அங்குள்ள ரஸ்ஸல் சந்தையில் காய் நறுக்குபவர் விரலில் கத்தி பட்டால், சில நாட்களில் புதுத் தோல் வளர்ந்து காயத்தை மூடுகிறது. மூடியதும் வளர்ச்சி நின்றுவிடுகிறது. வளரும்படி உயிரணுக்களுக்குக் கட்டளையிட்டது எது? அதனை நிறுத்தியது எது?

இவ்வாராய்ச்சிக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹன். சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை அவர் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தினார். இரண்டு வாரத்தில் திறக்க வேண்டிய கண்கள் ஒரு வாரத்திலேயே திறந்தன. இமைத் தோல் விரைந்து வளர்ந்ததே காரணம். 1962-இல் அவர் அச்சாற்றிலிருந்த புரதத்தைப் பிரித்தெடுத்து அறிவித்தார். 53 அமினோ அமிலங்கள் கொண்ட அச்சிறு புரதமே தோல் வளர்ச்சிக் காரணி. அவருக்கும் ரீட்டா லெவி மொண்டால்சினி அம்மையாருக்கும் 1986-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

கட்டளையிடுவதற்கு இப்புரதம் உயிரணுவின் உள்ளே செல்ல வேண்டுவதில்லை. மேற்பரப்பிலுள்ள ஏற்பி என்னும் புரதத்தில் அது வந்து பொருந்துகிறது. உடனே இரண்டு ஏற்பிகள் இணைந்து, உட்புற வால்களில் ஒன்றன் மீதொன்று பாஸ்பேட் முத்திரை இடுகின்றன. பின்னர், அலுவலகத்தில் கோப்பு மேசைக்கு மேசை செல்வதுபோல, ராஸ், ராஃப், மெக், எர்க் என்னும் புரதங்களின் வழியே செய்தி செல்கிறது. இறுதியில் எர்க் உட்கருவினுள் புகுந்து, எந்த ஜீனைப் படிப்பது எனத் தீர்மானிக்கும் புரதங்களைத் தூண்டுகிறது. சில நிமிடங்களில் ஃபாஸ் முதலிய ஜீன்கள் படிக்கப்படுகின்றன. அவற்றால் உண்டாகும் புரதங்கள் வேறு ஜீன்களைத் தூண்ட, பல மணி நேரத்தில் உயிரணு இரண்டாகப் பிரிகிறது.

கட்டளையை முடித்துவைக்கும் ஏற்பாடும் உண்டு. ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு அழிகிறது. பாஸ்பேட் முத்திரைகளை நீக்கும் நொதிகளும் உள்ளன. இவ்வேற்பாடு கெட்டால் ஆபத்து. தலை, கழுத்துப் பகுதிப் புற்றுநோய்கள் பெரும்பாலானவற்றில் இந்த ஏற்பி அளவுக்கு மீறிக் காணப்படுகிறது. வாய்ப் புற்றுநோய்க்குப் புகையிலை பெருங்காரணம் என்பதை நாம் அறிவோம்.

ஏற்பியில் காரணி பொருந்தாதபடி அடைக்கும் நிமோடுசுமாப் என்னும் மருந்தை, கியூபா நாட்டு விஞ்ஞானிகளின் கூட்டுறவுடன் பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2006-இல் இந்தியாவில் வெளியிட்டது. கதிர்வீச்சு முதலிய சிகிச்சைகளுடன் அது சேர்த்து அளிக்கப்படுகிறது. இதற்கு மாறாக, நீரிழிவால் ஆறாத காலின் சில புண்களுக்கு மருத்துவர்கள் வளர்ச்சிக் காரணி கலந்த களிம்பை இடுகின்றனர். ஒரே கட்டளை, ஓரிடத்தில் அதனைத் தடுக்க வேண்டியிருக்கிறது, மற்றோரிடத்தில் கூட்ட வேண்டியிருக்கிறது. எங்கே எது வேண்டும் என்பதை மருத்துவரே அறிவார். புற்றுநோய் உள்ள இடத்தில் அக்களிம்பு தீங்கு செய்யக்கூடும்.

ஆகவே, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண்ணையும், நீரிழிவு உள்ளவர் காலில் தோன்றும் சிறு காயத்தையும் நாம் அலட்சியம் செய்தலாகாது. சிவாஜிநகரில் வாழ்பவருக்கு பௌரிங் அரசு மருத்துவமனை அருகிலேயே இருக்கிறது. வேறு ஊர்களில் வாழும் நாமும், மொழி புதிது எனத் தயங்காது, அங்குள்ள மருத்துவரை உடனே நாடுதல் வேண்டும்.