பழி ஆளைத் தேடுவதில்லை, வீட்டைத் தேடுகிறது

2019 ஏப்ரல் 21 காலை கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை அந்தோனியார் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. அன்று நாட்டில் 250க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மூன்று வாரங்கள் கழித்து, மே 13ஆம் திகதி, நோன்பு காலத்தில், கொட்டராமுல்லையில் ஒரு முஸ்லிம் சகோதரர் வெட்டிக் கொல்லப்பட்டார். மினுவாங்கொடை, ஹெட்டிபொலைப் பகுதிகளில் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. குண்டு வைத்தவர்களுக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு? ஒரே சமூகத்தின் பெயர், அவ்வளவுதான்.

பழிவாங்கலின் இந்தக் கணக்கைப் பண்டைய கிரேக்க நாடகாசிரியர் எஸ்கிலஸ் நன்கு அறிந்திருந்தார். கி.மு. 458இல் ஏதென்ஸில் மேடையேறிய அவரது 'ஒரெஸ்டியா' ஒரு குடும்பத்தின் கதை. தம்பி செய்த துரோகத்துக்கு அவனுடைய சிறு பிள்ளைகளை அண்ணன் கொல்கிறான். அந்த அண்ணனின் மகன்தான் அகமெம்னன். டிராய் போருக்குக் கப்பல்கள் புறப்பட வேண்டுமென்று பெற்ற மகளையே அவன் பலி கொடுக்கிறான். போரில் வென்று வீடு திரும்பியவனை மனைவி கொல்கிறாள். தம்பியின் பிள்ளைகளில் தப்பிய ஒருவன் அவளுக்குத் துணை. பின்னர் மகன் ஒரெஸ்டிஸ் தாயைக் கொல்கிறான். கொன்ற ஒவ்வொருவரும் "நான் செய்ததே நீதி" என்கின்றனர்.

கடைசியில் ஏதென்ஸில் நீதிமன்றம் கூடுகிறது. வாக்குகள் சரிபாதியாகின்றன, ஒரெஸ்டிஸ் விடுதலையாகிறான். (இந்தத் தீர்ப்பு எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. தாயின் உயிரை அது மலிவாக எடைபோடுகிறது.) ஆனால் அதன்பின் நடப்பது முக்கியம். கொலையுண்ட தாய்க்காக அவனைத் துரத்திவந்த பழித் தெய்வங்கள், ஊரையே அழிப்போம் என்று கொதிக்கின்றன. அவற்றை யாரும் விரட்டவில்லை. பேசிப் பேசி, அந்த ஊரிலேயே மரியாதையான இடம் கொடுத்து அமர்த்துகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் கோபத்தை "மறந்துவிடு" என்று அடக்கினால் அது தெருவுக்கு வரும் என்பது எஸ்கிலஸுக்குத் தெரிந்திருக்கிறது. மரதன் போரில் வாளெடுத்தவர் அவர்.

கொச்சிக்கடையில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் கோபமும் அத்தகையதே. 2023 ஜனவரி 12இல் உயர் நீதிமன்றம் அதற்கு ஓரளவு இடம் கொடுத்தது. எச்சரிக்கைகள் வந்தும் தாக்குதலைத் தடுக்கத் தவறியதற்காக, முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபா நட்டஈடு செலுத்த வேண்டுமென உத்தரவிட்டது. பொலிஸ், புலனாய்வு உயரதிகாரிகளும் தப்பவில்லை. அங்கே சமூகத்தின் பெயர் கேட்கப்படவில்லை. யார் கடமை தவறினார் என்பதே கேட்கப்பட்டது. பின்னணியில் இருந்தவர்கள் யார் என்ற முழு உண்மையை அந்தக் குடும்பங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. கொட்டராமுல்லைக்காகப் பேசும் நாமும் அந்தக் கேள்வியை அவர்களோடு சேர்ந்து கேட்க வேண்டியவர்கள்.