கூடாரமும் குளிர்மலையும்: அளவெட்டியிலிருந்து ஹோட்டன் சமவெளி வரை

கூடாரம் என்னும் சொல்லை வடபுலத்து மக்கள் இன்பச் சுற்றுலாவுடன் இணைத்துப் பார்த்ததில்லை. 1990 ஆம் ஆண்டு வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுள் ஒரு பகுதியினர் மல்லாகத்திலும் சுன்னாகத்திலும் அமைந்த நலன்புரி நிலையங்களிலேயே கால் நூற்றாண்டைக் கழித்தனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களிலே வாழ்க்கையைத் தொடங்க நேர்ந்தது. 2009 இல் வன்னி மக்கள் மெனிக் பாம் தறப்பாள்களின் கீழ் வைக்கப்பட்டனர். எனவே, காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கப் போவதா என்று எம்மூர் முதியவர் ஒருவர் கேட்பாராயின், அக்கேள்வியில் நியாயம் இல்லையென்று எவரும் சொல்லிவிட முடியாது.

ஆயினும் காலம் மாறியிருக்கின்றது. ஏ-9 வீதி 2009 இல் மீண்டும் திறக்கப்பட்டதன் பின்னர் அளவெட்டி போன்ற கிராமங்களின் இளைஞர்கள் மலையகத்தை நோக்கிப் பயணஞ் செய்கின்றனர். செம்மண் தோட்டங்களும் கிணறுகளும் பனந்தோப்புகளும் சூழ்ந்த, கடல் மட்டத்தைவிடச் சில மீற்றர்கள் மாத்திரம் உயர்ந்த நிலத்திலே பிறந்து வளர்ந்தவர்கள் இவர்கள். ஆறென்று ஒன்றையும் மலையென்று ஒன்றையும் பாடப்புத்தகத்திலே முதலிற் கண்டவர்கள். இவர்கள் ஒரே நாளில் 2,000 மீற்றருக்கு மேலேறி இரவு தங்கும்போது அங்கு நிகழ்வது என்ன என்பதை விளக்க முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நன்று. வெளிநாட்டுப் படங்களிலே காணப்படும் பனிமலை ஏரிகள் எமது நாட்டில் இல்லை. அத்தகைய ஏரிகள் பெரும்பாலும் பனிப்பாறைகளால் உருவானவை. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மெல்ல நகரும் பனிக்கட்டி மலைச்சரிவைக் குடைந்து கிண்ணம் போன்ற பள்ளத்தை ஆக்குகின்றது; பனி உருகிய பின் அப்பள்ளத்தில் நீர் தேங்குகின்றது. காஷ்மீரில் ஹர்முக் சிகரத்தின் அடியில் உள்ள கங்காபல் ஏரி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அது 3,500 மீற்றருக்கும் மேலான உயரத்தில் இருக்கின்றது. இலங்கை மலைகளைப் பனிப்பாறைகள் குடைந்ததில்லை. நுவரெலியாவின் கிரகரி வாவியும் 19 ஆம் நூற்றாண்டில் மனிதர் அமைத்ததே. எனினும் உயரம், குளிர், நீரோடை, புல்வெளி, மூடுபனி ஆகிய யாவும் ஒன்றுசேர்ந்த இடம் எமக்கும் ஒன்றுண்டு. அதுவே ஹோட்டன் சமவெளி.

சிங்களத்தில் மஹ எலிய என்று வழங்கிய இப்பீடபூமிக்கு, 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் சூட்டப்பட்டது. ஏறத்தாழ 3,160 ஹெக்டயர் பரப்புடைய இது 1988 இல் தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2010 இல் சிவனொளிபாத மலைக்காடு, நக்கிள்ஸ் ஆகியவற்றுடன் சேர்த்து மத்திய மலைநாடு என்ற பெயரில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கிரிகல்பொத்த, தொட்டுபொல கந்த ஆகிய சிகரங்கள் இதன் எல்லையில் நிற்கின்றன. 800 மீற்றருக்கும் மேல் செங்குத்தாக இறங்கும் உலக முடிவு என்னும் பாறை விளிம்பைக் காணவே பெரும்பாலானோர் வருகின்றனர். பகல் ஏறுமுன் மூடுபனி அதனை மறைத்துவிடும். விடியற்காலையில் அங்கு நிற்க விரும்புவோருக்கு இரவுத் தங்கல் வசதியானது என்பதும் கூடாரவாசிகள் பெருகியமைக்கு ஒரு காரணமெனலாம்.

இங்கு கூடாரமடிப்பதற்கு வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே பெறல் வேண்டும். ஒதுக்கப்பட்ட இடத்திற்கு வெளியே தங்குதல் குற்றமாகும். அவ்விடத்திலே மின்சாரத்தையோ கடையையோ எதிர்பார்க்க வேண்டாம். கொண்டு செல்வதே உண்டு. மறந்து விட்டது இல்லை.

குளிரைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியுள்ளது. ஏனெனில் எம்மவர்கள் பெரும்பாலும் தவறு விடுவது இதிலேதான். உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் கூடும்போதும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை செல்சியஸ் குறைகின்றது. யாழ்ப்பாணத்தின் சராசரி ஏறத்தாழ 27, 28 பாகை எனக் கொண்டால் 2,100 மீற்றர் உயரத்தில் அது 14 பாகைக்கு வந்துவிடும். இது பகலையும் இரவையும் சேர்த்த கணக்கு. ஜனவரி, பெப்ரவரி மாதங்களின் தெளிவான இரவுகளில் நிலமட்ட வெப்பம் பூச்சியத்துக்கும் கீழே இறங்குவதுண்டு. விடியும்போது புல்லின்மேல் வெண்துகள் படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் துகள் உறைபனி இதுவே. எம்மூர் மார்கழிப் பனியை நினைத்துக்கொண்டு ஒரு சால்வையுடன் புறப்படுபவர் அந்த இரவை உறங்காமலே கழிப்பார்.

மேகமற்ற வானம் அழகானதுதான். ஆனால் மேகம் நிலத்திற்குப் போர்வை போன்றது. அது இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் தடையின்றி மேலே சென்றுவிடுகின்றது. குளிர்ந்த காற்று பாரமானது. ஆதலால் அது நீரைப்போலச் சரிவில் வழிந்து பள்ளத்திலே தேங்குகின்றது. ஓடைக்கரையின் தாழ்ந்த புல்வெளி கண்ணுக்கு இனியது, உடலுக்குக் கொடியது. அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்ளேயே சற்று மேடான இடத்தைத் தெரிவு செய்தால் வித்தியாசம் நன்கு தெரியும். அடுத்தது நிலம். மேலே இரண்டு கம்பளி போர்த்துக்கொண்டு கீழே ஒரு மெல்லிய பாயை விரிப்பது பலரின் வழக்கம். உடலின் வெப்பத்தை ஈர நிலம் உறிஞ்சிவிடுவதால், போர்வையைவிடத் தடித்த விரிப்பே முதலில் வேண்டும்.

பருத்தி ஆடை வியர்வையையும் மழையையும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஏற்றத்தில் நனைந்த சட்டையுடனேயே உறங்கப் போதல் ஆகாது. உலர்ந்த உடை ஒரு தொகுதியை உறங்குவதற்கென்றே தனியாகக் கட்டி வைத்தல் நலம். சிறுவர் ஒருவர் நடுநடுங்கி, பேச்சுக் குழறி, கால் தடுமாறத் தொடங்கினால் அது விளையாட்டன்று. நடுக்கம் நின்றுவிட்டது, இனிப் பயமில்லை என்று நினைப்பது அதனினும் ஆபத்து. உடல் தன்னைச் சூடாக்கும் முயற்சியைக் கைவிடுகின்றது என்பதே அதன் பொருளாகலாம். ஈர உடையைக் களைந்து, உலர்ந்த கம்பளியாற் சுற்றி, சுயநினைவு இருப்பின் இனிப்பான சூடான பானம் கொடுத்து, தாமதமின்றிக் கீழே இறக்கி வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். கைகால்களைத் தேய்த்தல் தகாது. மதுபானம் குளிரை விரட்டும் என்ற நம்பிக்கை முற்றிலும் பிழையானது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து உள்ளிருக்கும் வெப்பத்தையும் வெளியேற்றிவிடுகின்றது. உயரத்தினால் வரும் தலைவலி, மூச்சுத்திணறல் என்பன பொதுவாக 2,500 மீற்றருக்கு மேலேயே தோன்றுவதால் எமது நாட்டில் அதுபற்றி அஞ்சத் தேவையில்லை. காஷ்மீர் ஏரிகளுக்குச் செல்வோர் அஞ்சவே வேண்டும்.

சமையலிலும் உயரம் தன் வேலையைக் காட்டும். இவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவாகையால் நீர் 100 பாகையில் அன்றி 93 பாகை அளவிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்திருந்தால் பருப்பு அவியாது. அரிசியும் நேரமெடுக்கும், எரிவாயு வீணாகும். வறுத்த மா, அவல், பேரீச்சம்பழம், வீட்டிலேயே வதக்கி எடுத்துச் சென்ற சம்பல், இறைச்சி வறுவல் என்பவையே நடைமுறைக்கு உகந்தவை. விறகு பொறுக்கித் தீமூட்டுவதை முற்றாக விடுதல் வேண்டும். உறைபனியிற் கருகிக் காய்ந்த புல் பற்றிக்கொண்டால் அதனை அணைக்க அங்கே ஆளுமில்லை, நீரிறைக்கும் பொறியுமில்லை.

முஸ்லிம் பயணிகளுக்கு மேலும் சில விடயங்கள் உண்டு. மூடுபனியில் சூரியன் தெரியாமையால் திசை தடுமாறும். எம் நாட்டிலிருந்து கிப்லா மேற்குக்குச் சற்று வடக்காக அமைவதால் சிறு திசைகாட்டியொன்று கையிலிருப்பது நல்லது. சுபஹுத் தொழுகைக்கு முன் ஓடைநீரில் வுழூச் செய்வது முதியோருக்கும் நோயாளிகளுக்கும் கடினம். முதல்நாள் இரவே சுடுநீரை வெப்பக் குடுவையில் எடுத்து வைத்தால் பிரச்சினை தீரும். நீரைச் சூடாக்க வழியின்றி, குளிரால் உடலுக்குக் கேடு வருமென்று அஞ்சுமிடத்துத் தயம்மும் செய்ய மார்க்கத்தில் இடமுண்டு. ஓடும் நீரருகே இருந்தாலும் நீரை வீண்விரயம் செய்யலாகாது என்று கற்பிக்கப்படுவதும் இங்கு நினைவுக்கு வருகின்றது.

நீரைப் பற்றிப் பேசும்போது யாழ்ப்பாணத்தார் மற்றெவரைவிடவும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர் என்றே நாம் நம்புகின்றோம். எமது சுண்ணக்கல் நிலத்திலே மேலே கொட்டியது கீழே கிணற்றில் வந்து சேரும். மலகூடக் குழி கிணற்றுக்கு அருகிருந்தால் என்ன நேரும் என்பதை எம் தாய்மார் அறிவர். சுன்னாகத்துக் கிணறுகளில் கழிவு எண்ணெய் கலந்த விவகாரத்தையும் அயற்கிராமமாகிய அளவெட்டி மறந்திருக்காது. ஹோட்டன் சமவெளி ஒரு நாட்டின் கிணற்றுக்கட்டு. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று நதிகளுக்கும் நீரூட்டும் ஓடைகள் இப்பகுதியிலே தோன்றுகின்றன. களனியின் நீரைக் கொழும்பு குடிக்கின்றது. மகாவலி மூதூருக்கருகே கொட்டியாரக் குடாவிற் கலக்குமுன் தமிழரதும் முஸ்லிம்களதும் சிங்களவரதும் வயல்களை நனைக்கின்றது. அங்குள்ள முகிற்காட்டு மரங்களின் பாசி படர்ந்த கிளைகள், மழையில்லாத நாளிலும் மூடுபனியைச் சீப்புப்போல வாரி நீராக்கி நிலத்திற்கு இறக்குகின்றன. அம்மரங்கள் உச்சியிலிருந்து பட்டுப்போகும் நோய் 1970 களின் பிற்பகுதியிலிருந்து அவதானிக்கப்பட்டு வருகின்றது. காரணம் இன்னதென்று ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. ஏற்கெனவே நலிந்திருக்கும் காட்டிற்கு மனிதரின் பாரமும் சேர்கின்றது.

ஆகையால் சவர்க்காரத்தை ஓடையில் கரைத்தல் ஆகாது. பாத்திரம் கழுவுவதற்கு ஓடையிலிருந்து அறுபது மீற்றராவது விலகிச் செல்ல வேண்டும். மலகூடம் இருப்பின் அதனையே பயன்படுத்த வேண்டும்; குளிர்ந்த மண்ணில் எதுவும் விரைவில் மக்குவதில்லை. பொலித்தீன் உறைகளைப் பூங்கா வாயிலிலேயே அகற்றுகின்றனர். அவர்களுடன் தர்க்கம் புரிவதை விடுத்து, உணவை வீட்டிலேயே தகரப் பேணிகளில் மாற்றிக்கொள்வது மேல். மனிதர் நீட்டும் உணவுக்குப் பழகிவிட்ட மரைகள் அருகில் வந்து நிற்கும். படம் பிடிக்கலாம், பாண்துண்டு கொடுக்கலாகாது. இரவில் உணவைக் கூடாரத்தினுள் வைத்துறங்குவதும் காட்டுப் பன்றிகளை அழைப்பதாகும். சிறுத்தையும் அங்கு உண்டு. அது மனிதரை நாடுவதில்லையெனினும் சிறுவரை இருட்டில் தனியே அனுப்ப வேண்டாம்.

அட்டைகளைப் பற்றி எழுதும்போது ஒரு பழைய பயணியின் நினைவு வருகின்றது. மொரோக்கோ நாட்டவரான இப்னு பதூதா 1344 இல் இலங்கைக்கு வந்தார். அவரை வரவேற்று உபசரித்தவர் யாழ்ப்பாண அரசரான ஆரியச் சக்கரவர்த்தி. பாதமலையைத் தரிசிக்க விரும்பிய அந்த முஸ்லிம் அறிஞருக்குப் பல்லக்குக் கொடுத்து, நான்கு யோகியரையும் மூன்று பிராமணரையும் தம் பரிவாரத்தினர் பதின்மரையும் உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் உடன் அனுப்பினார் என்று அவரது பயண நூல் கூறுகின்றது. வழியில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும் அட்டைகளைப் பற்றியும், ஊரார் அவற்றின்மேல் எலுமிச்சஞ்சாறு பிழிந்ததைப் பற்றியும் அவர் எழுதியிருக்கின்றார். ஏறக்குறைய ஏழு நூற்றாண்டுகள் கழிந்தும் மலையேறுவோர் பையில் தேசிக்காய் இருக்கின்றது. யாழ்ப்பாணத்துத் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே பாதையில் மலையேறிய அந்தப் பயணத்தை எமது பாடசாலைகள் மாணவருக்கு ஏன் விரித்துரைப்பதில்லை என்பது எமக்கு விளங்கவில்லை.

இன்னுமொன்று. ஹோட்டன் சமவெளிக்கு அம்பேவெல, பட்டிப்பொல வழியே செல்லுமுன் தேயிலைத் தோட்டங்களினூடாகவே போக வேண்டும். 1,891 மீற்றர் உயரத்தில் இலங்கையின் மிக உயர்ந்த புகையிரத நிலையமாகிய பட்டிப்பொலவில் இறங்குவோரும் அவ்வாறே. நாம் ஓரிரவு அனுபவமாகத் தேடிச் செல்லும் அதே குளிரை, இருநூறு ஆண்டுகளாக லயன் அறைகளின் தகரக் கூரையின் கீழ் சகித்து வாழ்பவர்கள் அங்கிருக்கின்றனர். அவர்களது முற்றத்தை வேடிக்கைப் பொருளாக்கிப் படமெடுக்காமல், அவர்களது கடையில் மரக்கறியும் தேநீரும் வாங்கிச் செல்வது பயணிகளுக்கு அழகு.

எப்போது செல்வது என்ற கேள்வி எஞ்சியுள்ளது. ஜனவரி முதல் மார்ச் வரை மழை குறைவு, குளிர் அதிகம். ஓகஸ்ட் விடுமுறையில் தென்மேற்குக் காற்று கூடாரத்தைப் பிடுங்குமளவுக்கு வீசக்கூடும். ஒக்டோபர், நவம்பர் மாதங்கள் மழைக்குரியவை. 2026, 2027 ஆம் ஆண்டுகளில் நோன்பு மாதம் பெப்ரவரி, மார்ச்சிலே வருகின்றமையால், இரு சமூகத்தவரும் சேர்ந்து செல்வதாயின் தைப்பொங்கல் கழிந்த பின் ஜனவரி இறுதிக்குள் நாள் குறித்து, அதற்கு ஓரிரு மாதம் முன்பே அனுமதிக்கு விண்ணப்பித்து விடுதல் உசிதமானது.