ரொனால்டினோ வந்தார்... லீக் வரவில்லை!

2016 ஜூலை 17 அன்று, பெரியமேடு நேரு உள்விளையாட்டு அரங்கில் ரொனால்டினோ ஐந்து கோல் அடித்தார். கோவா அணிக்காக, பெங்களூரு அணிக்கு எதிராக. கணக்கு 7-2. தாம்பரத்தில் பீச் லோக்கல் ஏறி பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம். உலகக் கோப்பையை வென்ற ஒருவர் இத்தனை கிட்டத்தில் வந்து ஆடிவிட்டுப் போனார் என்றால், இன்று சேலையூர் பையன்கள் “சும்மா கதை விடாதீங்க சார்” என்கிறார்கள்.

அது பிரீமியர் ஃபுட்சால் லீக். ஃபுட்சால் என்றால் உள்ளரங்கில் ஆடும் சின்னக் கால்பந்து. ஜூலை 15-ல் சென்னையில் தொடங்கி 24-ல் கோவாவில் முடிந்தது. மொத்தம் ஆறு அணிகள். மும்பைக்கு ரியான் கிக்ஸ், பெங்களூருக்கு பால் ஸ்கோல்ஸ், கொல்கத்தாவுக்கு எர்னான் கிரெஸ்போ, கொச்சிக்கு மிச்செல் சல்காடோ. நம் சென்னை அணிக்கு வந்தவர் ஃபால்காவோ. கொலம்பியா ஃபால்காவோ இல்லை. பிரேசிலின் ஃபுட்சால் மன்னன். 2008, 2012 ஃபுட்சால் உலகக் கோப்பைகளை வென்ற அணியில் இருந்தவர். மற்றவர்கள் பெரிய மைதானத்தில் பேர் வாங்கியவர்கள், இவர் இந்த ஆட்டத்திலேயே பேர் வாங்கியவர். அந்த வகையில் சென்னைக்குத்தான் அசல் சரக்கு கிடைத்தது என்பேன்.

லீகுக்குத் தலைவர் போர்ச்சுகலின் லூயிஸ் ஃபிகோ. விளம்பரத் தூதர் விராட் கோலி, பாட்டுக்கு இசை ஏ.ஆர்.ரஹ்மான். ஒன்றுதான் குறை: அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் அதை அங்கீகரிக்கவே இல்லை. ரொனால்டினோ பாதியில் கிளம்ப, அவர் இடத்துக்கு கஃபு வந்தார். கோப்பை மும்பைக்குப் போனது. 2017-ல் இரண்டாவது சீசன். சென்னை அணிக்கு ‘சிங்கம்ஸ்’ என்று பெயர் மாறியது. அதோடு கடையைக் கட்டிவிட்டார்கள்.

ஃபிகோவின் நாட்டில் கதை வேறு. போர்ச்சுகலில் தேசிய அளவிலான ஃபுட்சால் சாம்பியன்ஷிப் 1990-91-ல் தொடங்கியது. முதல் பட்டம் லிஸ்பனின் ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு. ஆனால் அந்த ஆரம்ப வருடங்களில் பெரிய கிளப்கள் மட்டுமே ஜெயிக்கவில்லை. போர்த்தோ நகரை ஒட்டிய கயாவின் மிராமார், மத்தோசின்யோஷ் பக்கத்து ஃப்ரெய்ஷியெய்ரு என்று, கால்பந்து ரசிகர்கள் கேள்வியே பட்டிராத சின்னக் கிளப்களும் நாட்டுச் சாம்பியன் ஆகின. எல்லாம் புறநகர்கள். நம் கணக்கில் சொன்னால் குரோம்பேட்டை, பல்லாவரம். பென்ஃபிகா போன்ற ஜாம்பவானே 2001-ல்தான் ஃபுட்சால் அணி ஆரம்பித்தது.

அந்தப் புறநகர் மண்ணில் முளைத்தவர்தான் ரிக்கார்டினோ. 1985-ல் கோண்டோமாரில் பிறந்தவர். ஆள் குள்ளம். அதைச் சொல்லியே சிறு வயதில் பெரிய கால்பந்து கிளப் ஒன்று வேண்டாம் என்றது. மிராமாருக்குப் போனார், அங்கிருந்து 2003-ல் பென்ஃபிகா. 2010-ல் பென்ஃபிகா ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். உலகின் சிறந்த ஃபுட்சால் வீரர் விருது ஆறு முறை. உயரம் பார்த்துக் கழித்துவிடும் செலக்டர்கள் நம் ஊரிலும் உண்டு என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

தேசிய அணியும் அவசரப்படவில்லை. முதல் முறையாக ஆடிய உலகக் கோப்பை 2000-ல் குவாத்தமாலாவில், மூன்றாம் இடம். 2018-ல் ஸ்பெயினை வென்று ஐரோப்பிய சாம்பியன். 2021-ல் லிதுவேனியாவில் அர்ஜென்டினாவை 2-1 என்று சாய்த்து உலக சாம்பியன். இரண்டு கோலும் பானி வரேலா, கேப்டன் ரிக்கார்டினோ. லீக் தொடங்கி உலகக் கோப்பை கைக்கு வர முப்பது வருடம்.

இப்போது மேடவாக்கம், வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் வாருங்கள். ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் டர்ஃபில் கூட்டம். ஐடி கம்பெனி ஷிஃப்ட் முடிந்து வந்தவர்கள், கல்லூரிப் பையன்கள். தலைக்கு நூறோ நூற்றைம்பதோ ஜிபே. கீப்பர் நிற்க யாருக்கும் மனசில்லாததால் கோல் விட்டவன் வெளியே, அடுத்தவன் உள்ளே. “மச்சான், பின்னாடி ஆள்!” என்று ஒரு சத்தம், பந்து பக்கவாட்டு வலையில் மோதித் திரும்பி வர, அதையே வாங்கி கோல். ஆட்டம் முடிந்தால் ஷூவுக்குள் ஒரு பிடி கறுப்பு ரப்பர்த் துகள். பார்க்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஃபுட்சால் இல்லை.

ஃபுட்சாலுக்கு வழவழப்பான கெட்டித் தரை, 40-க்கு 20 மீட்டர். பந்து நான்காம் நம்பர், எழும்பாது. வலை கிடையாது, கோடுதான். கோட்டைத் தாண்டினால் நாலு விநாடிக்குள் காலால் உள்ளே தள்ளியாக வேண்டும். ஒரு பாதியில் அணி செய்யும் ஆறாவது ஃபவுலிலிருந்து, முன்னால் தடுப்புச் சுவரே இல்லாமல் எதிரணிக்கு ஷாட். வலை காப்பாற்றாது என்றால் முதல் தொடுதலிலேயே பந்து உள்ளங்காலுக்குக் கீழே வந்துவிட வேண்டும். மச்சத்தோடு பிறப்பவர்கள் இதில் யாரும் இல்லை. அந்தத் தரையில் ஆயிரம் முறை ஆடினால் வருகிறது.

ஒரு வேடிக்கை. இந்த ஆட்டம் பிறந்ததே ஒரு ஒய்.எம்.சி.ஏ.வில்தான்: 1930, உருகுவேயின் மான்டிவிடியோ, ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி. நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் தொடங்கியது அதற்குப் பத்து வருடம் முன்பே. கூடைப்பந்தும் வாலிபாலும் நம் பள்ளிகளுக்குள் வந்ததில் ஒய்.எம்.சி.ஏ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே குடும்பத்து ஃபுட்சால் மட்டும் நம் வீட்டுப் படி ஏறவில்லை. சம்மேளனத்தின் தேசிய கிளப் போட்டியே 2021 நவம்பரில்தான் டெல்லியில் நடந்தது; இந்திய அணி சர்வதேச ஆட்டத்தில் இறங்கியது 2023-ல்.

பையன்கள் குறைவில்லை, ஆசையும் குறைவில்லை. இல்லாதது வாராவாரம் நடக்கும் ஒரு லீக். 2021-ல் மாநகராட்சி ஆகிவிட்ட தாம்பரத்தைச் சுற்றிக் கல்லூரிகளுக்குப் பஞ்சமா? உள்ளரங்கு வைத்திருப்பவர்கள் வாரம் இரண்டு மாலை அக்கம்பக்கத்து அணிகளுக்குத் திறந்துவிட்டால் எட்டு அணி சேர்ந்துவிடும். ரொனால்டினோவுக்கு ஆன செலவில் ஒரு துளிகூட ஆகாது. மாநகராட்சி அடுத்து எந்தப் பூங்காவில் கூடைப்பந்துத் தளம் போட்டாலும், கூடவே 40-க்கு 20 கோடும் இரண்டு கோல் போஸ்ட்டும் சேர்த்துப் போடட்டும். டர்ஃபில் ஆடும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: அடுத்த முறை எல்லோரும் காசு போட்டு ஒரு நான்காம் நம்பர் பந்து வாங்குங்கள், வலையில் பட்டால் அவுட் என்று வைத்து ஆடிப் பாருங்கள்.