ஏணியை மேலே எடுத்து வைத்த வீடுகள்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி, கடல் கடந்து அவன் வென்ற இடங்களுள் ஒன்றாக மாநக்கவாரத்தைக் குறிப்பிடுகிறது. அதுவே இன்றைய நிக்கோபார். போர்ட் பிளேயருக்குத் தெற்கே ஏறத்தாழ 270 கி.மீ. தொலைவில் உள்ள கார் நிக்கோபாரின் வட்ட வீடு, தேன்கூட்டைக் கவிழ்த்து வைத்தாற்போன்ற தோற்றம் உடையது.

ஆள் உயரத் தடித்த மரத்தூண்கள். அவற்றின் தலையில் வட்ட வடிவப் பலகைகள். எலிகள் மேலேறாதிருக்கச் செய்த ஏற்பாடு இது. அவற்றின் மேல் தளம். தளத்தின் விளிம்பிலிருந்தே புல் வேய்ந்த கூரை எழும்பிக் குவிவதால், சுவர் வேறு, கூரை வேறு என்ற பிரிவு இல்லை. சன்னலும் இல்லை. தளத்தின் இடுக்குகள் வழியே காற்று வரும். ஆணிக்குப் பதில் பிரம்புக் கட்டு. தளத்திலுள்ள திறப்பின் வழியே ஏணியில் ஏறி, இரவில் அந்த ஏணியை மேலே இழுத்துக்கொள்வர். பகலில் வீட்டின் அடிப்பகுதியே நிழல் தரும் கூடம்.

வீட்டுக்கடன் விண்ணப்பங்களைப் பார்த்துப் பழகிய எனக்கு, இதன் உரிமைமுறைதான் பெருவியப்பு. நிலமும் தென்னையும் 'துஹேத்' எனப்படும் கூட்டுக்குடும்பத்திற்கு உரியவை. 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குவிதியின்படி, வெளியார் அந்நிலத்தை எளிதில் பெறவும் இயலாது. தனியொருவர் பெயரில் பத்திரம் கேட்கும் நம் வழக்கம் இங்கே எடுபடாது.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை, கடலோர ஊர்களை வாரிச் சென்றது. எஞ்சியோர் தீவின் உட்பகுதிக்குக் குடிபெயர்ந்தனர். முதலில் வந்தவை தகரக் கொட்டகைகள். வெப்பமண்டலத் தீவில் அவற்றுள் பகலில் இருந்திருப்பது எத்தகைய துன்பம்! பின்னர் அரசு, பெருநிலத்திலிருந்து கப்பலில் பொருள்களைக் கொணர்ந்து நிரந்தர வீடுகளைக் கட்டித் தந்தது. அவை உறுதியானவை, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் வீடும் நிவாரணத் தொகையும் தனித்தனிக் குடும்பங்களுக்கென அளிக்கப்பட்டதால், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த துஹேத் பல கதவுகளாகப் பிரிந்தது.

தகரம் துருப்பிடித்தால் புதிய தகடு கப்பலில்தான் வரவேண்டும். கூரைக்கான புல்லோ தீவின் நடுவிலுள்ள புல்வெளிகளில் இன்றும் வளர்கிறது. அதை அறுத்து, சுமந்து, வேய்வதற்கு ஒரு துஹேத் முழுவதும் ஒருசேர இறங்கியாக வேண்டும்.